மலாக்காவின் தலைமை மன்னிப்பாளர்

ஜப்பான்காரர்கள் வந்த புதிதில் மலாக்கா நகரத்தில் குனியாதவர்கள் எல்லோரும் கன்னத்தில் அறை வாங்கினார்கள். குனிந்தவர்களில் போதுமான அளவு குனியாதவர்கள் வாங்கினார்கள். போதுமான அளவு குனிந்துவிட்டுச் சீக்கிரமாக நிமிர்ந்தவர்களும் வாங்கினார்கள். காஜா பேராங் பகுதியில் ஒரு அறைகூட வாங்காத ஆம்பிளை சாயாக்கடை கலியாணசுந்தரம் ஒருவர்தான். அவருக்கு முதுகு பிடித்திருந்தது.

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டு ஓடிய வாரத்தில், கடையிலிருந்த கடைசி சீனி மூட்டையை ஒளித்துவைக்கலாம் என்று தனியாளாகத் தூக்கினார். முதுகில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சீனியை எறும்பு தின்றது. முதுகு அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் தரையைப் பார்த்தபடியே நடந்தார், தரையைப் பார்த்தபடியே கல்லாவில் உட்கார்ந்தார். காவல் நிற்கும் சிப்பாய்கள் அவரைப் பார்த்து, இந்த ஊரில் இப்படியும் ஒரு மரியாதை தெரிந்த மனிதரா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

சாயாக்கடை என்று பெயரே ஒழிய அங்கே தேயிலை இல்லை, பால் இல்லை, சீனிக்கு என்ன ஆனது என்று சொல்லியாகிவிட்டது. சோளத்தைக் கருக வறுத்து வெந்நீரில் போட்டுக் காப்பி என்று கொடுத்தார். வறுத்தது போதாத நாட்களில் அதையே சாயா என்றார். குடிக்கிறவர்களும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் வைக்கும் காலம் அது. சிங்கப்பூர் சியோனான் ஆகிவிட்டது. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைக்கச் சொன்னதால் இருட்டிலேயே காலை விடிந்தது. வருஷம் 2603 என்று உத்தரவு வந்தபோது ஊரே ஒரு நாளில் அறுநூற்றுச் சொச்சம் வயது மூத்துப்போனது.

அந்த 2603-இல்தான் 'தலைமைப் பண்பு, பண்பாடு மற்றும் பொறுப்புணர்வு வளர்ச்சி இலாகா' திறக்கப்பட்டது. முழுப் பெயரையும் சொல்வதற்குள் மூச்சு வாங்கியதால் ஜனங்கள் அதைப் பொறுப்பு ஆபிஸ் என்றார்கள். அதற்கு மேலாளர் ராஜரத்தினம். வெள்ளைக்காரர் காலத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அப்போது ராஜா பாட்டைப் பாடும்போது அவர் கண் கலங்கும். இப்போது ஜப்பான் பாட்டைப் பாடும்போதும் கலங்கியது. பாட்டுதான் மாறியதே தவிர கண்ணீர் அதேதான்.

ராஜரத்தினத்துக்கு மேலே ஒரு ஜப்பானியக் கேப்டன் இருந்தார். கேப்டனுக்கும் ஊருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் கருணாகரன் இருந்தார். கருணாகரன் காஜா பேராங்கின் மலாக்கா செட்டி வம்சம். நெற்றி நிறைய திருநீறு இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். ஜப்பானிய மொழியை ராப்பள்ளியில் கற்றுக்கொண்டார்.

இலாகாவின் திறப்பு விழா கடற்கரை மைதானத்தில் நடந்தது. எல்லோரும் டோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், மணி அடித்ததும் குனிய வேண்டும், மறுபடி அடித்ததும் நிமிர வேண்டும். மணி அடித்தது. ஊரே குனிந்தது. மறுபடி அடித்தது. ஊரே நிமிர்ந்தது, கலியாணசுந்தரத்தைத் தவிர.

கேப்டன் பார்த்தார். ஒரு பேச்சு முடிந்தது, ஒரு பாட்டு முடிந்தது, மனிதர் இன்னும் நிமிரவில்லை. இவ்வளவு ஆழ்ந்த விசுவாசத்தை அவர் ஜப்பானிலேயே பார்த்ததில்லை. மேடையை விட்டு இறங்கி வந்தார். ஏதோ சொல்லி, மெச்சுகிற தோரணையில் கலியாணசுந்தரத்தின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

'கடக்.'

எத்தனையோ பேர் எண்ணெய் போட்டு நீவியும் அசையாத முதுகு நேராகிவிட்டது. கலியாணசுந்தரம் வெகு நாளைக்குப் பிறகு வானத்தைப் பார்த்தார். வலியில் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அதைக் கண்டதும் கேப்டனுக்கும் கொட்டியது. பிறகு கேப்டன் கூட்டத்தைப் பார்த்து நெடுநேரம் பேசினார். வாளை உருவினார், சூரியனைக் காட்டினார், கலியாணசுந்தரத்தைக் காட்டினார், மறுபடி சூரியனைக் காட்டினார். எல்லாம் முடிந்ததும் ஊர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தது.

"கெர்ஜா குவாட்," என்றார் கருணாகரன். நன்றாக உழைக்க வேண்டுமாம். "அப்புறம், இவர்தான் இனி காஜா பேராங் தலைவர்."

தலைவருக்கு ஜப்பானிய மொழியில் கூமிச்சோ என்று பெயர். அந்தச் சொல் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் அவருடைய மனைவி பாக்கியலட்சுமி அதைக் 'கூஜா' என்று சுருக்கினாள். அது நிலைத்துவிட்டது.

தலைவர்கள் எல்லோரும் திங்கட்கிழமைதோறும் சிந்தனைக் கூட்டத்துக்குப் போக வேண்டும். பூட்டிக்கிடந்த ஒரு நாடகக் கொட்டகையில் அது நடக்கும். முதலில் டோக்கியோ திசை, பிறகு பாட்டு, பிறகு ராஜரத்தினம் தலைமையையும் பண்பாட்டையும் பொறுப்பையும் பற்றிய தம்முடைய சொந்தச் சிந்தனைகளை வழங்குவார். முதல் கூட்டத்தில் அவர் சொன்னது இது:

"பெரியோர்களே! வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு தவறு நடந்தால், யார் செய்தது என்று விசாரித்தார்கள். எவ்வளவு அநாகரிகம்! நமது புதிய பண்பாட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. யார் செய்தது என்று நாங்கள் கேட்க மாட்டோம். யார் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்போம். பொறுப்பு என்பது தண்ணீரைப் போன்றது. மேலே தேங்கினால் நாறிப்போகும். கீழே பாய்ந்தால்தான் ஊர் செழிக்கும். ஆகவே மேலே இருக்கும் நாங்கள் ஒரு சொட்டுக்கூட வைத்துக்கொள்வதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இப்போது ஒரு சிறிய விஷயம்," என்று ராஜரத்தினம் தொடர்ந்தார். "நமது இலாகாவின் லாரி நேற்று சாக்கடையில் விழுந்துவிட்டது. யார் ஏற்றுக்கொள்கிறீர்கள்?"

லாரியை ஓட்டியது ராஜரத்தினம். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். தெங்கேரா சடக்கில் தெரு முழுவதும் நின்று வேடிக்கை பார்த்தது. கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கலியாணசுந்தரத்துக்குப் புதிதாக நேரான முதுகு குடையத் தொடங்கியது. பெஞ்சில் உட்கார முடியவில்லை. சற்று எழுந்து நின்றார்.

"ஆகா! காஜா பேராங்!" என்றார் ராஜரத்தினம்.

"ஐயா, நான் லாரி ஓட்டுனதே இல்லீங்களே."

"அதனால்தான் உங்கள் தியாகம் இவ்வளவு பெரிதாக இருக்கிறது."

"எனக்கு முதுகு வலிங்கய்யா. அதான் எந்திரிச்சேன்."

"மன்னிப்பு மட்டும் கேளுங்கள். மற்றதைக் கேட்க வேண்டாம்."

கலியாணசுந்தரம் குனிந்து, லாரியைச் சாக்கடையில் விட்டது தன் தப்புதான் என்றார். கேப்டன் தலையசைத்தார். ஒரு முழு சவர்க்காரக் கட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

பாக்கியலட்சுமி சவர்க்காரத்தைக் கையில் வாங்கி முகர்ந்தாள். அப்படி ஒரு வாசனையை முகர்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது. "எதுக்குக் குடுத்தானுங்க?" என்றாள்.

"லாரியக் கொண்டு போயி சாக்கடையில வுட்டேன்னு ஒத்துக்கிட்டேன்."

"அடுத்த வாரம் ரயிலக் கவுத்ததா ஒத்துக்குங்க. அரிசி குடுத்தாலும் குடுப்பானுங்க."

அடுத்த வாரம் ரயில் இல்லை, சேவல். கேப்டன் வீட்டுச் சேவல் டோக்கியோ நேரத்தை மதிக்காமல் பழைய நேரத்துக்கே கூவிக்கொண்டிருந்தது. சேவலின் சார்பில் கலியாணசுந்தரம் வருத்தம் தெரிவித்தார். அதற்கும் அடுத்த வாரம் இலாகாவின் மாதிரித் தோட்டம். மரவள்ளிக் குச்சிகளைத் தலைகீழாக நடும்படி ராஜரத்தினம் உத்தரவு போட்டிருந்தார். நல்ல தலைவன் எதையும் தலைகீழாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சொந்தச் சிந்தனைகளில் ஒன்று. குச்சிகள் காய்ந்துபோயின. கலியாணசுந்தரம் வரிசையாக ஒவ்வொரு குச்சியின் முன்னாலும் போய் நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். பின்னாலேயே கேப்டன் வாளோடு நடந்து வந்தார். ஒரு குச்சியாவது விட்டுப்போகிறதா என்று ராஜரத்தினம் கவனித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே காஜா பேராங் ஜனங்கள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் மன்னிப்புக் கேட்பது அவருக்குக் கைவந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சின்னத் தப்புக்குக் கழுத்தை மட்டும் தாழ்த்துவார். நடுத்தரமானதற்கு இடுப்புவரை. பெரிய தப்பு என்றால் இடுப்போடு சேர்த்து மூக்கை உறிஞ்சுவார். அந்த உறிஞ்சலைக் கேட்டால் தப்பு செய்தவனுக்கே மனசு இளகிவிடும்.

பக்கத்து ஊர்த் தலைவர்களுக்குச் செய்தி பரவியது. தெங்கேராவில் ராணுவத்துக்கு வைத்திருந்த மீன் கெட்டுப்போனபோது அங்கிருந்து கருவாட்டோடு ஆள் வந்தது. பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் மாடு புகுந்து ஓடுபாதையில் படுத்துக்கொண்டபோது கோழிமுட்டை வந்தது. செங்கிலிருந்து ஒரு தலைவர் சும்மாவே வந்தார். "எங்க ஊர்ல இன்னும் ஒண்ணும் நடக்கலண்ணே. நடந்தா நீங்கதான்னு இப்பவே சொல்லிவச்சுக்கறேன்," என்று ஒரு சீப்பு பீசாங் பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடைக்காரர் ஷரீஃபுதீன் பாய், துணிக்கடையில் துணி தீர்ந்து சாக்குக் கால்சட்டை தைத்து விற்றுக்கொண்டிருந்தவர், இந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"நீங்க எல்லாத்துக்கும் ஒடனே சரின்னுடாதீங்க சுந்தரண்ணே. 'யோசிச்சுச் சொல்றேன்'னு சொல்லுங்க. அப்பதான் மதிப்பு."

"மன்னிப்புக் கேக்கறதுக்கு என்னா யோசிக்கறது பாய்?"

"தப்பு செஞ்சவனே யோசிக்கிறான்ல? செய்யாத நீங்க கொஞ்சம் கூடுதலாவே யோசிக்கணும்."

இலாகாவும் சும்மா இருக்கவில்லை. கலியாணசுந்தரத்துக்குத் 'தலைமை மன்னிப்பாளர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. பாய் தன்னிடம் மிஞ்சியிருந்த கடைசி முழ வெள்ளைத் துணியில் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அவர் சடக்கில் நடக்கும்போது சிப்பாய்கள்கூடச் சிரித்துக் கையாட்டினார்கள்.

பாக்கியலட்சுமிக்குத்தான் நாளாக நாளாக எரிச்சல் ஏறியது. "ஊர்ல எவன் என்ன செஞ்சாலும் என் புருசன் செஞ்சதா ஆயிடுச்சு. நாளைக்கு எவளாவது வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா, அதுக்கும் குனிஞ்சு நிப்பீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் கலியாணசுந்தரம், பழக்கதோஷத்தில். கரண்டி பறந்து வந்தது.

கரண்டியைக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். கரண்டிக்காக இல்லை.

"எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேக்கறீங்க. சேவலுக்குக் கேக்கறீங்க, குச்சிக்குக் கேக்கறீங்க. என் தம்பி பொன்னுதுரைய லாரியில ஏத்துனானுங்களே, அதுக்கு எவன் வந்து கேட்டான்?"

பொன்னுதுரை செங் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு வேலை பார்த்தவன். சியாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், சீக்கிரம் திரும்பிவிடலாம், நல்ல சாப்பாடு என்று சொல்லித் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போன ஒருவரிடமிருந்தும் இல்லை. கலியாணசுந்தரம் கரண்டியை மெதுவாக அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

தோட்டங்களில் ஆள் குறைந்ததும் சியாம் லாரி நகரத்தின் பக்கம் திரும்பியது. அந்தத் திங்கட்கிழமை ராஜரத்தினத்தின் சொந்தச் சிந்தனை வழக்கத்தைவிட உருக்கமாக இருந்தது.

"தலைமை என்றால் தியாகம். தியாகம் செய்யாதவன் தலைவனல்ல. ஆகவே, பெரியோர்களே, நமது நகரத்தின் பலமான, ஆரோக்கியமான வாலிபர்கள் அத்தனை பேரையும் தியாகம் செய்ய நான் தயாராகிவிட்டேன். அவர்கள் அங்கே ரயில் பாதை போடுவார்கள். சுலபமான வேலை. நானோ அவர்களைப் பிரிந்து இங்கே இருந்தாக வேண்டும். இரண்டில் எது கடினம் என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள்."

ஒவ்வொரு தலைவரும் அடுத்த திங்கட்கிழமை கேப்டன் முன்னால் எழுந்து நின்று தம் பகுதியிலிருந்து போக வேண்டியவர்களின் பெயர்களை வாயால் சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று.

செய்தி கலியாணசுந்தரத்துக்கு முன்னாலேயே காஜா பேராங்குக்குப் போய்விட்டது. சாயாக்கடையில் ஆளே இல்லை. எப்போதும் 'என்னா கூஜா' என்று கூப்பிடுகிறவர்கள் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மாட்டுவண்டி ஓட்டும் மருதமுத்து மட்டும் கடை வாசலுக்கு வந்தான். அவனுக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பெண்டாட்டி மல்லிகா அவனுக்குப் பின்னால் நின்றாள். அவன் டோக்கியோவுக்குக் குனிகிற மாதிரி, கலியாணசுந்தரத்தின் முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்தான். மல்லிகாவும் குனிந்தாள்.

கலியாணசுந்தரம் இத்தனை நாளில் எத்தனையோ பேருக்கு முன்னால் குனிந்திருக்கிறார். தனக்கு ஒருவர் குனிவதை முதல் முறையாகப் பார்த்தார்.

"எந்திரிடா. எந்திரிம்மா. ஐயோ, எந்திரிங்க," என்று கத்தினார். "நான் சாயாக்கடைக்காரண்டா!"

நேராகப் பொறுப்பு ஆபிஸுக்குப் போனார். ராஜரத்தினம் கண்ணாடி முன்னால் நின்று அடுத்த வாரச் சிந்தனைக்குக் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் என் பேரையே சொல்லிடட்டுங்களா?"

"கூடாது. தலைவர்கள் போகக் கூடாது. தலைவர்கள் போய்விட்டால் அனுப்புவதற்கு யார் இருப்பார்கள்?"

"அப்ப போறவங்களுக்கு அங்க யாருங்கய்யா தலைவரு?"

ராஜரத்தினம் அவருடைய தோளில் கை வைத்தார். "அருமையான கேள்வி. நானே. அவர்களுக்கு முன்னால், முதல் வரிசையில், என் ஆத்மா சியாமை நோக்கி நடக்கும்."

"உடம்புங்கய்யா?"

"உடம்பு ஆபிஸில் இருக்கும். யாராவது வந்தால் பார்க்க வேண்டுமல்லவா?"

கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். சொல்லச் சொல்லவே அவருக்குக் குழப்பமாக இருந்தது. பாக்கியலட்சுமிக்கு ஒரு குழப்பமும் இல்லை.

"பெரிய மனுசனோட ஆத்மா தனியா நடந்துபோறதாவது! கூடவே உடம்பையும் அனுப்பி வைக்கறதுதானே நமக்கு மரியாதை," என்றாள்.

கலியாணசுந்தரம் அவளையே பார்த்தார். "யோசிச்சு—" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை கொட்டகையில் முதல் ஆளாக அவரைக் கூப்பிட்டார்கள். கேப்டன் வாளை முழங்காலுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். கலியாணசுந்தரம் கருணாகரனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்:

"எங்க பெரிய கிராணி, சியாமுக்குப் போறவங்க முன்னால தன்னோட ஆத்மா நடக்கும்னு சொல்லியிருக்காரு. அந்த ஆத்மாவையும் உடம்பையும் பிரிச்சிட வேணாம்னு காஜா பேராங் ஜனங்க கேப்டன் துவானைக் கெஞ்சிக் கேட்டுக்கறாங்க."

அவ்வளவுதான். கருணாகரன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். கருணாகரனின் அக்காள் மகனும் காஜா பேராங்கில்தான் இருந்தான். பலமான, ஆரோக்கியமான வாலிபன். கேப்டன் அரை மணி நேரம் பேசினால் 'நன்றாக உழை' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடும் கருணாகரன், தொண்டையைச் செருமிக்கொண்டு ஜப்பானிய மொழியில் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே இருந்தார். சியாம் இருக்கும் திசையைக் காட்டினார். ராஜரத்தினத்தைக் காட்டினார். தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஓர் இடத்தில் குரல் உடைந்து சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடர்ந்தார். ராப்பள்ளியில் கற்றுக்கொடுத்த அத்தனை சொல்லும் அன்றைக்குத் தீர்ந்துபோயிருக்கும்.

கேப்டன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. கன்னத்தில் நீர் வழிந்தது. ராஜரத்தினத்திடம் போய் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார். பிறகு முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

"இல்லை, நான் ஆத்மாவை மட்டும்தான்—" என்றார் ராஜரத்தினம், தமிழில். அதை மொழிபெயர்க்கக் கருணாகரனுக்குத் தமிழ் போதவில்லை.

அதற்குள் தெங்கேராத் தலைவர் துள்ளி எழுந்தார். "எங்க பகுதி சார்பா உதவி மேலாளர்!" என்றார். பத்து பெரெண்டாம் தலைவர், "எங்க சார்பா ஸ்டோர் கிராணி! ஸ்டோர் கிராணி!" என்று இரண்டு தடவை கத்தினார். செங் தலைவருக்கு மிஞ்சியது இலாகாவின் தோட்டப் பார்வையாளர்தான். அவரை விட்டுக்கொடுப்பதில் தனக்குள்ள வேதனையை அவர் அழகாக எடுத்துச் சொன்னார். கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது. இந்த முறை யாரும் பயந்து தட்டவில்லை. பொறுப்பு ஆபிஸ் முழுவதும், பெருக்குகிறவரைத் தவிர, அந்த வார ரயிலில் சியாமுக்குப் புறப்பட வேண்டும் என்று கேப்டன் அறிவித்தார்.

உப்புக் கேட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் இலாகா அன்று மத்தியானமே வேலையில் இறங்கியது. ராஜரத்தினம் முதல் முறையாகத் தம் சொந்தக் கால்களால் காஜா பேராங்குக்கு நடந்து வந்தார். மூச்சிரைக்கச் சாயாக்கடை பெஞ்சில் விழுந்தார்.

"கலியாணசுந்தரம், மலாக்காவிலிருந்து ஒரு ஆள்கூடச் சியாமுக்குப் போகக் கூடாது. ஆட்கள் போகாவிட்டால் தலைவனும் போக வேண்டியதில்லை, இல்லையா? இவர்கள் இங்கே அவசியம் தேவை என்று ஏதாவது காரணம்... நமது ஜனங்களுக்கு என்னதான் தெரியும்?"

"மரவள்ளி திங்கத் தெரியுங்கய்யா."

ராஜரத்தினம் அவரைக் கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ராஜரத்தினம் கேப்டனிடம் எடுத்துச் சொன்னது இது: மலாக்காவின் ஆண்கள் அனைவரும் மரவள்ளி நிபுணர்கள். அவர்கள் போனால் மரவள்ளி அழியும். மரவள்ளி அழிந்தால் சிப்பாய்களுக்குச் சாப்பாடு இல்லை. அப்போது மேலிடத்திலிருந்து வந்து, யார் பொறுப்பு என்று கேட்பார்கள். ஏற்றுக்கொள்வதற்கு இங்கே துவானைத் தவிர ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

பொறுப்பு மேல்நோக்கியும் போகும் என்ற யோசனை கேப்டனுக்கு அதுவரை வந்ததில்லை. அங்கேயே சியாம் உத்தரவை ரத்துசெய்தார்.

இப்படியாக மலாக்கா நகரத்து ஆண்கள் எல்லோரும் நிபுணர்கள் ஆனார்கள். மரவள்ளியைத் தட்டில் தவிர வேறெங்கும் பார்த்திராத ஷரீஃபுதீன் பாய் மூத்த நிபுணர். மருதமுத்து போக்குவரத்து நிபுணர். அவனுடைய மாடுகளும் அப்படியே. காலிமனை, சடக்கோரம், கடற்கரை மைதானம் என்று ஊரெங்கும் குச்சி நட்டார்கள், இந்த முறை நேராக.

கொஞ்ச நாளில் சியோனானிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கினார். மலாக்கா நகரத்திலிருந்து ஏன் ஒருவனும் சியாமுக்கு வரவில்லை, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கொட்டகையில் கேப்டன் ராஜரத்தினத்தைப் பார்த்தார். ராஜரத்தினம் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் தோள் பட்டையைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனார். அதிகாரி வந்த ராத்திரியே ஒரு விஷயம் மனசில் உறைத்திருந்தது. இதுவரை ஏற்றுக்கொண்ட எதையும் அவர் செய்ததில்லை. இது ஒன்றுதான் அவரே செய்தது. சேவலுக்குக் கேட்ட அதே வாயால் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அவர் குனியவில்லை. நேராக நின்றார்.

"நான்தான் துவான். இது தப்பில்ல, அதனால மன்னிப்புக் கேக்கல. ஆனா வேணும்னேதான் செஞ்சேன். எங்க ஆளுங்களக் காப்பாத்தத்தான் பெரிய கிராணிய மாட்டி விட்டேன். போனவங்க ஒருத்தரும் திரும்பி வரல. என் மச்சானும் வரல. என்னை என்ன வேணும்னாலும் செய்ங்க."

கருணாகரனின் முகம் வெளுத்தது. பெரிய அதிகாரிக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். மாற்றிச் சொல்ல வழியில்லை. சொன்னார். அதிகாரி ராஜரத்தினத்தின் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார்.

உண்மை என்றால், தாம் ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். ஏன் சியாமுக்குப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராஜரத்தினம் பணிவாகச் சிரித்தார். "இவர் எங்கள் தலைமை மன்னிப்பாளர், துவான். எங்கள் பண்பாட்டின் சிகரம். எதையும் ஏற்றுக்கொள்வார். லாரியை ஏற்றுக்கொண்டார், ஓட்டத் தெரியாது. கேப்டன் வீட்டுச் சேவலை ஏற்றுக்கொண்டார். பத்து பெரெண்டாமில் மாடு படுத்ததையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்."

அதிகாரி கலியாணசுந்தரத்தை ஏற இறங்கப் பார்த்தார். தம்முடைய உடைந்த மலாயில் கேட்டார்: "நேற்று நான் வரும் வழியில் மழை பெய்து என் கார் சேற்றில் மாட்டிக்கொண்டது. அது?"

கலியாணசுந்தரம் யோசிக்கவே இல்லை. இடுப்புவரை குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"என் தப்புதான் துவான்."

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததால் கேப்டன் சிரித்தார். ஆகவே கொட்டகை சிரித்தது. "உண்மைதான் துவான்! நெசமா நான்தான்!" என்று கலியாணசுந்தரம் கத்தியதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். விசாரணை அத்தோடு முடிந்தது. யாரும் குற்றவாளி இல்லை. இப்படிப்பட்ட பண்பாடு எல்லா ஊர்களிலும் பரவ வேண்டும் என்று அதிகாரி பாராட்டி, ராஜரத்தினத்தின் சட்டையில் அடக்கத்துக்கான பதக்கம் ஒன்றைக் குத்தினார். ராஜரத்தினம் கண் கலங்கிப் பதிலுரை வழங்கினார்: "இதற்கான முழுப் பொறுப்பும் என் ஒருவனையே சாரும்."

கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்தபோது பாக்கியலட்சுமி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பாய், மருதமுத்து, மல்லிகா, பாதித் தெரு. காலையிலேயே அவர் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார், என்ன சொல்லப்போகிறார் என்று.

"என்னாச்சு?" என்றாள்.

"உண்மையச் சொன்னேன். ஒருத்தனும் நம்பல."

மருதமுத்துதான் முதலில் சிரித்தான். பிறகு பாய் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெரு முழுக்கப் பரவியது. பாக்கியலட்சுமி தரையில் உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள். "அங்க நின்னு பொன்னுதுரையப் பத்திச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருடைய தோளிலிருந்த பட்டையைக் கழற்றி எடுத்தாள். உள்ளேயிருந்து தீய்ந்த வாடை வந்தது. அடுப்பில் மரவள்ளி கருகிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய், பட்டையாலேயே சட்டியைப் பிடித்து இறக்கினாள். அடி முழுவதும் கறுத்துவிட்டிருந்தது.

கலியாணசுந்தரம் சட்டியை எட்டிப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. "என்—"

"நிறுத்துங்க," என்றாள் பாக்கியலட்சுமி. "அடுப்ப வுட்டுட்டு வாசல்ல போயி நின்னவ நான். என் தப்பு. உக்காந்து சாப்புடுங்க."

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கருகல் கசந்தது. இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டினார்.